விலகிக்கொள்ளும் உரிமை

ஆய்வு அறம் என்றாலே பங்கேற்பவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது போதாது.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைக்கு, நினைவாற்றல் ஆய்வு என்று சொல்லித்தான் ஆட்களை வரவழைத்தார்கள். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி பொய், அந்த ஆளும் ஆய்வாளரின் ஆள், ஆனால் விசையை அழுத்தியவர்களின் வியர்வையும் நடுக்கமும் நிஜம். 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை போனார்கள் என்பதையே எல்லோரும் சொல்கிறோம். என்னை உறுத்துவது வேறு: நிறுத்த நினைத்தவர்களிடம், 'உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்' என்பது வரை சொல்ல வசனம் தயாராக எழுதி வைத்திருந்தார்கள்.

1964-லேயே உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் இதைக் கடுமையாக விமர்சித்தார். இன்று, காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது அடிப்படை விதி. உண்மையை மறைத்திருந்தால் முடிந்ததும் விளக்க வேண்டும்.

சரி, விதி இருக்கிறது. மதிப்பெண் போடும் ஆசிரியரே தன் ஆய்வுக்கு மாணவரைக் கூப்பிட்டால், அந்த மாணவர் 'முடியாது' என்று எப்படிச் சொல்வார்? பங்கேற்பதற்கு மதிப்பெண் உண்டென்றால், அதே மதிப்பெண்ணுக்கு வேறொரு வேலையையும் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.