பழைய கேரியரில் பிந்திய மாடல் ஆக்ஸில்: தோப்பு வண்டியின் பின்பக்க வேலை

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்குப் பின் ஆக்ஸில் மாற்றியாகிவிட்டது. எது எதில் பொருந்தியது, எது பொருந்தவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி வண்டிக்கு இங்கே கையேடும் கிடையாது, பார்ட்ஸ் கடையும் கிடையாது. அடுத்தவர் அளந்த அளவுதான் நமக்குக் கையேடு.

வண்டியின் முன்பாதி பழைய 100 சிசி பைக். பின்பாதி, ஈசிஆர் ஓரம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து காயலான் கடைக்கு வந்த நாலு சக்கர ஏடிவியின் (மணல், சேறு என எங்கும் ஓடும் வண்டி) ஸ்விங் ஆர்ம் (பின் ஆக்ஸிலைப் பிடித்து மேலும் கீழும் அசையும் கை), ஆக்ஸில், பலூன் டயர்கள். ஹோண்டா 1970-ல் அமெரிக்காவில் இறக்கிய ஏடிசி வண்டிகளின் அமைப்பு இதேதான்: முன்னால் ஒரு சக்கரம், பின்னால் டிஃபரென்ஷியல் (திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத ஒற்றை ஆக்ஸில். கவிழும் விபத்துகள் பெருகி, 1988-ல் நீதிமன்ற ஒப்பந்தத்தின்படி அங்கே மூன்று சக்கர வகையைப் புதிதாக விற்பது நின்றுபோனது. அந்தச் சரித்திரத்தை மனதில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஹெல்மெட் இல்லாமல் ஏறுவதில்லை, பின்னால் ஆள் ஏற்றுவதில்லை, ரோட்டுக்குக் கொண்டுபோவதும் இல்லை. வெளியே போக வேண்டுமென்றால் டாட்டா ஏஸில் ஏற்றித்தான் போகும்.

பழைய ஆக்ஸில் கோணிவிட்டது. கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளுக்கு நடுவே வாய்க்கால் கரைகள் நிறைய. ஒவ்வொரு கரையிலும் ஒரு சக்கரம் முதலில் ஏறும், மறுசக்கரம் அப்புறம் ஏறும். அந்த அடி முழுக்க ஆக்ஸிலில் பேரிங்கை ஒட்டிய இடத்தில்தான் இறங்குகிறது. கழற்றி வி பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்துச் சுற்றி, கோணலை முள்ளால் காட்டும் டயல் கேஜ் போட்டால், சக்கர முனையில் முள் 1.4 மி.மீ. ஆடியது. பிரஸ்ஸில் கொடுத்து நிமிர்த்தலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மேல்தோல் கடினப்படுத்திய ஷாஃப்ட்டை நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், பிறகு ஒருநாள் அதே இடத்தில் முறியும். அந்த யோசனையை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.

திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில், அதே வகை வண்டியின் நாலு வருஷம் பிந்திய மாடலின் பின்பக்கம் முழுசாகக் கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். வெர்னியர் வைத்தால் வேறு வேறு. பழையது பேரிங் உட்காரும் இடத்தில் 30 மி.மீ., புதியது 35. புதியது மொத்த நீளத்தில் 80 மி.மீ. கூடுதல். ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பாகம்) மாட்டும் ஸ்ப்லைனில், அதாவது ஆக்ஸில் முனையின் பல்வெட்டில், பழையதுக்கு 26 பல், புதியதுக்கு 28. ஆகவே ஆக்ஸில் வந்தால் அதன் ஹப்களும் கூடவே வந்தாக வேண்டும். வீல் போல்ட் மட்டும் இரண்டு மாடலுக்கும் 110 மி.மீ. வட்டத்தில் நாலு போல்ட், அதனால் என் ரிம்மும் டயரும் அப்படியே ஏறின.

5 மி.மீ. தடிமன் என்பது சின்ன விஷயம் இல்லை. உருண்டைக் கம்பியின் வளைவுத் தாங்குதிறன் விட்டத்தின் மும்மடியில் ஏறும். 30-லிருந்து 35-க்குப் போனால் ஏறத்தாழ 59 சதவீதம் கூடுகிறது. நீளம் கூடியதால் பக்கத்துக்கு 40 மி.மீ. வெளியே நீட்டி, நெம்புவிசையும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. இருந்தாலும் கணக்கு லாபத்தில்தான் நிற்கிறது.

முழு செட்டையும் கேரியரோடு (ஸ்விங் ஆர்மின் வாய்க்குள் உட்கார்ந்து ஆக்ஸில் பேரிங்குகளைப் பிடிக்கும் கூடு) தூக்கி மாட்டியிருந்தால் வேலை சுளுவாக முடிந்திருக்கும். ஆனால் புதுக் கேரியரின் வெளிவிட்டம் 96, என் ஸ்விங் ஆர்மின் வாய் 88. வாயைப் பெரிதாக்கினால் செயின் டைட் செய்யும் கிளாம்ப்பின் சதை போய்விடும். பழைய கேரியரிலேயே புது ஆக்ஸிலை உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். பேரிங் அட்டவணை இங்கேதான் கைகொடுத்தது. பழைய பேரிங் 6206: உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. 6007 பேரிங்குக்கு உள்விட்டம் 35, வெளிவிட்டம் அதே 62, அகலம் 14. கேரியரைத் தொடாமலே 35 மி.மீ. ஆக்ஸில் உள்ளே போகும்.

அந்த 2 மி.மீ. எங்கே போகிறது என்பதில்தான் மொத்த வேலையும். பேரிங் இரண்டும் வெளிப்பக்கத்திலிருந்து ஏறி, கேரியருக்குள் உள்ள படியில் முட்டி நிற்கின்றன. அகலம் குறைந்தாலும் உள்முகம் இருந்த இடத்திலேயே இருக்கும், எனவே இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஆக்ஸில் மேல் நிற்கும் ஸ்லீவ் குழாயின் நீளம் மாறாது. வெளிமுகம் மட்டும் பக்கத்துக்கு 2 மி.மீ. உள்ளே போகும். அப்படியே விட்டால் நட் இறுகும்போது ஸ்ப்ராக்கெட் ஹப்பும் அதே அளவு உள்ளே வந்து செயின் கோணலாகும். தஞ்சாவூரில் லேத் வைத்திருக்கும் அண்ணன் அளவுகளைப் பார்த்ததும் சொன்னார்: “தம்பி, ரெண்டு பக்கமும் ரெண்டு எம்எம் ரிங் போடுங்க. ஆனா ரிங்கு உள் ரேஸை மட்டும்தான் தொடணும். பெருசாப் போனா ரப்பர் சீலைத் தேச்சுப்புடும்.” உள் ரேஸ் என்பது ஆக்ஸிலோடு சுற்றும் பேரிங்கின் உள்வளையம். அதன்படி இஎன்8 இரும்பில் உள்விட்டம் 35, வெளிவிட்டம் 41 என்று இரண்டு ரிங் கடைந்து கொடுத்தார்.

ஸ்லீவ் விஷயத்தில் அவர் காட்டிய கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஸ்லீவில் 35 நுழையாது. புது மாடலின் ஸ்லீவ் 130 மி.மீ., எனக்கு வேண்டியது 124. நல்ல வேளையாக நீளம் கூடுதலாக இருந்ததால் கடைந்து குறைக்க முடிந்தது. மொத்தமாக 6 மி.மீ.-ஐயும் ஒரே மூச்சில் வெட்டவில்லை. கேரியரின் படிக்குப் படி தூரத்தை டெப்த் கேஜால் பல இடத்தில் அளந்து, கடைசியில் ஸ்லீவை ஒரு மயிரிழை நீளமாகவே விட்டார். நட்டை இறுக்கும்போது ஹப், ரிங், உள் ரேஸ், ஸ்லீவ் எல்லாம் ஒரே தூணாகச் சேர்ந்து இறுக வேண்டும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் உள் ரேஸ் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும், குண்டுகள் பக்கவாட்டில் ஏறி ஓடும், பேரிங் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். இறுக்கிய பிறகு ஆக்ஸிலைக் கையால் சுற்றினோம். நட் இறுகுவதற்கு முன் எவ்வளவு லேசாகச் சுற்றியதோ, அவ்வளவே லேசாகச் சுற்றியது.

6007-ன் சுமைத்திறன் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான். 6206-க்கு டைனமிக் லோடு 20 கிலோநியூட்டன் அளவில் என்றால் இதற்கு 16 அளவில். ஆனால் நம் மண்ணில் பேரிங் சுமையால் சாவதைவிடத் தண்ணீரால் சாவதே அதிகம். வண்டல் சேறு சீலைத் தாண்டிவிட்டால் எந்த நம்பர் பேரிங்கும் தாங்காது. அதனால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய பேரிங்காகவே வாங்கினேன். புது ஹப்பின் கழுத்து 48 மி.மீ. என்பதால் பழைய 45-62-8 ஆயில் சீலுக்குப் பதில் 48-62-8 போட்டு, உதட்டுக்குப் பின்னால் கிரீஸ் நிறைத்தேன்.

செயின் பக்கம் சுருக்கமாக. புது மாடல் 520 செயினுக்கானது, என்னுடையது 428. கண்ணிக்குக் கண்ணி தூரமே வேறு (15.875-ம் 12.7-ம்), ஆகவே பழைய ஸ்ப்ராக்கெட்டின் நடுத்துளையைப் பெரிதாக்கி, புது ஹப்புக்கு ஏற்ற போல்ட் துளைகள் போட்டோம். துளை மையம் தப்பினால் செயின் ஒரு சுற்றில் இறுகும், தளரும். அலுமினியச் சட்டத்தை இரண்டு ஸ்ப்ராக்கெட் முகத்திலும் ஒட்ட வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை.

தோப்பு மணலில் பின்பக்க ஆட்டம் போயே போய்விட்டது. அகலம் கூடியதால் கரை ஏறும்போது சாயும் பயம் குறைந்திருக்கிறது. திருப்பத்தில் மட்டும் வண்டி முன்னைவிட நேராகவே போகப் பார்க்கிறது, இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் அப்படித்தான். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை நன்றாக மிதித்து உடம்பை உள்ளே சாய்த்தால் உள்சக்கரம் லேசாகித் திரும்புகிறது. டயர் காற்றை 4 பிஎஸ்ஐக்கு மேல் விடுவதில்லை. பஞ்சர் கடை கேஜில் அந்த அளவு சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்த கேஜ் தனியாக வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் மாமா வயலில், சம்பா அறுத்த ஈரம் காயாத களியிலும் ஓட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையில் களி அப்பிச் சக்கரத்தைப் பிடிக்கும். இப்போது அந்த இடைவெளியில் 40 மி.மீ. கூடியதால் கட்டி கட்டியாகத் தானே உதிர்கிறது. இந்தப் பயனை நான் எதிர்பார்க்கவில்லை. ஓட்டி முடித்துக் கேரியரைத் தொட்டால் வெதுவெதுப்புதான், சூடு இல்லை.

பாக்கி இருப்பது பிரேக். புது டிஸ்க் 200 மி.மீ., பழையது 180. இப்போதைக்குப் பழைய டிஸ்க்கையே புது ஹப்பில் மாட்டி ஓட்டுகிறேன், பிடிப்பு போதுமானதாக இருக்கிறது. 200-ஐப் போட வேண்டுமென்றால் காலிப்பர் 10 மி.மீ. வெளியே தள்ளி உட்கார வேண்டும். அதற்கான பிராக்கெட்டை அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அளவை லேத்தில் கொடுத்திருக்கிறேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் அது மாட்டியாக வேண்டும்.