மரத்தளத்துக்கு எந்தச் சாண்டர்?

ஜூன் 4

வீட்டின் பின்புற மரத்தளம் வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. பழைய பூச்சு கதவோரம் மட்டும் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் படும் பக்கம் வெறும் மரம். வெறுங்காலோடு நடந்தால் சிலாம்பு ஏறுகிறது. உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கும் இயந்திரமான சாண்டர் ஒன்றை வாங்கித் தேய்த்துவிடலாம் என்று முடிவெடுத்தாயிற்று. எந்தச் சாண்டர் என்பதுதான் பாக்கி.

பேனாக்கத்தியால் ஒரு பலகையின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். சாம்பல் நிறம் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை; அதற்குக் கீழே தேன் நிறத்தில் நல்ல மரம். வெயிலின் புற ஊதாக் கதிர், மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவதுதான் இந்தச் சாம்பல். ஆக, நீக்க வேண்டியது மிக மெல்லிய தோல். இயந்திரத்தை இந்தக் கணக்கை வைத்துத்தான் தேட வேண்டும்.

ஜூன் 6

மைத்துனர் தன்னுடைய பெல்ட் சாண்டரைத் தருவதாகச் சொன்னார். "ஒரே நாளில் முடித்துவிடலாம், அத்தான்" என்றார். முடிக்கலாம்தான். ஆனால் பெல்ட் ஒரே திசையில் ஓடி மரத்தை வாரி எடுக்கும். கை கொஞ்சம் சாய்ந்தாலோ, ஓரிடத்தில் ஒரு கணம் நின்றாலோ பள்ளம் விழும். பலகையில் கடினமான வரியும் மென்மையான வரியும் மாறி மாறி வரும். மென்மையானது முதலில் கரைந்து, தளம் அலை அலையாகிவிடும். தடித்த பெயின்டை உரிக்க வேண்டுமானால் அது சரி. இங்கே அவ்வளவு வேலை இல்லை.

அறைகளின் மரத்தரையைத் தேய்க்கும் டிரம் சாண்டரும் வேண்டாம். இந்தப் பலகைகளுக்கு இடையே இடைவெளி உண்டு, மழையில் நனைந்து காய்ந்து குழிந்தும் இருக்கின்றன. சதுரத் தட்டு வைத்த பெரிய சாண்டர் அவ்வளவு ஆபத்தில்லை; ஆனால் குழிந்த பலகையில் அது விளிம்புகளைத்தான் தொடும்.

மிஞ்சியது ரேண்டம் ஆர்பிட்டல். இதன் வட்டத்தட்டு சுழலும், அதே நேரம் மையம் விலகி அதிரவும் செய்யும். உப்புத்தாளின் ஒரு துகள் போன தடத்திலேயே மறுபடி போகாததால் கீறல்கள் கோடாகத் தெரிவதில்லை. தவறு செய்யவும் நேரம் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் என்பதாலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூன் 7

கடையில் பெட்டிகளின் மேல் வாட் எண்தான் பெரிதாகத் தெரிகிறது. நான் தேடியது ஆர்பிட் அளவை, அதாவது தட்டு எவ்வளவு அகலமாக அதிர்கிறது என்பதை. 2.5 மி.மீ. என்றால் மேசை, அலமாரி போன்ற நுண்வேலைக்கு, 5 மி.மீ. என்றால் மரத்தை வேகமாகத் தேய்க்கும். தளத்துக்கு இரண்டாவது.

தட்டு 125 மி.மீ.யா, 150 மி.மீ.யா என்பதில்தான் அதிக நேரம் நின்றேன். என் பலகையின் அகலம் 140 மி.மீ. பெரிய தட்டு பலகையை முழுவதுமாக மூடும், ஆனால் எடை கூடுதல். முழங்காலிட்டு மணிக்கணக்கில் பிடிக்க வேண்டிய பொருள். இருந்தாலும் பெரியதையே எடுத்தேன். எடையை மரம்தான் தாங்கப்போகிறது, என் கை அல்ல. மின்கம்பி உள்ளதாகவே வாங்கினேன். சாண்டர் இடைவிடாமல் ஓடுவது; பேட்டரி அதற்கு ஈடுகொடுக்காது. தூசியை உறிஞ்சும் வாக்குவம் குழாய் பொருந்தும் வாயும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்கின்றன.

ஜூன் 9

மழை. ஈர மரத்தில் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். காயட்டும்.

ஜூன் 13

முதலில் திருகாணிகள். டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால், துருத்தி நிற்கும் தலைகள் நிழலோடு காட்டிக்கொடுக்கின்றன. எல்லாவற்றையும் மரத்துக்குள் 3 மி.மீ. இறக்கினேன். ஒரு தலை விடுபட்டாலும் தாள் கிழியும்.

60-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கினேன்; எண் குறையக் குறையத் தாள் கரடுமுரடு. தட்டை மரத்தில் வைத்த பிறகே சுவிட்சு. அழுத்தக் கூடாது, அழுத்தினால் தட்டு சுழல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும், பன்றிவால் போன்ற சுருள் கீறல்கள் விழும். தட்டின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன். கோடு மெதுவாகச் சுற்றிவருவது தெரிந்தால் அழுத்தம் சரி. நின்றுவிட்டால் கையைத் தளர்த்த வேண்டும். வினாடிக்கு ஓர் அங்குலம் என்ற நகர்வு எரிச்சலூட்டும் மந்தம், ஆனால் சாம்பல் போகிறது.

முகக்கவசம் கட்டாயம். பழைய தளமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: ஆர்சனிக் கலந்த பதப்படுத்தல் அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு 2003 இறுதி வரை நடைமுறையில் இருந்தது. அந்த மரத்தூளைச் சுவாசிக்கவே கூடாது. என்னுடையது அதற்குப் பிந்தியது.

ஜூன் 14

80-ஆம் எண் தாளோடு நிறுத்திவிட்டேன். வந்து பார்த்த மைத்துனர் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் வழவழப்பாக்கலாமே" என்றார். மேசையென்றால் ஆக்கலாம். தளத்தை 150-ஆம் எண் தாள் வரை தேய்த்தால் மரத்தின் துளைகள் மூடிக்கொள்ளும், ஸ்டெயின் (மரத்தில் ஊறும் நிறப்பூச்சு) உள்ளே இறங்காமல் மேலேயே காய்ந்து பிறகு உரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினேன், உடனே உறிஞ்சிக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கை படும் கைப்பிடிக்கு மட்டும் 100. தூண்களின் மூலைகளுக்கு முக்கோணத் தட்டு வைத்த சிறிய சாண்டரை இரவல் வாங்கியிருக்கிறேன். அதற்கென்று தனியாகச் செலவழிப்பது வீண். நாளை தூசியை வாக்குவத்தால் எடுத்துவிட்டு ஸ்டெயின் அடிக்கிறேன். எண்ணெய் ஸ்டெயின் என்பதால், துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும். குவித்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.