இத்தாலி போறவங்க நேப்பிள்ஸை விட்றாதீங்க

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்னு மூணு ஊரையும் ஓட்டமா ஓடிப் பாத்துட்டு வர்ற பேக்கேஜ்தான் சென்னைல நிறைய பேர் எடுக்கறாங்க. அந்த ஊரெல்லாம் பாக்க வேண்டியதுதான், ஆனா நேப்பிள்ஸுக்கும் அதை ஒட்டின கடலோர ஊர்களுக்கும் ரெண்டு மூணு நாளாவது ஒதுக்குங்கன்னு யார் கேட்டாலும் சொல்லிட்டிருக்கேன், ஏன்னா நம்ம மிளகு போய் இறங்கின கரை அது.

ரோமானியர் காலத்துல, கேரளக் கரைல இருந்த பழைய சேரர் துறைமுகமான முசிறில கப்பல் ஏத்தின மிளகு செங்கடல் வரைக்கும் போயி, அங்கேர்ந்து ஒட்டகத்துமேல பாலைவனம் தாண்டி, நைல் நதில படகேறி அலெக்சாண்ட்ரியா போயி, மறுபடி கப்பல்ல கிளம்பி, நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கற பொட்சுவோலிக்குத்தான் வந்து சேரும். ரோமுக்குப் பக்கத்துல பெரிய துறைமுகம் கட்டி அது சூடுபிடிக்கற வரைக்கும் இதுதான் முக்கியமான துறைமுகம். எழும்பூர் மியூசியத்துல ரோமானியக் காசுகளைப் பாத்தவங்களுக்கு, அந்தக் காசு கிளம்பின பக்கத்துல நிக்கறப்போ உடம்பு சிலிர்க்கும், எனக்கு சிலிர்த்துச்சு.

பொட்சுவோலி சின்ன ஊர், நேப்பிள்ஸ்லேர்ந்து லோக்கல் ட்ரெயின்லயே போயிடலாம். ஊர் நடுவுல ரோமானியர் காலத்து மார்க்கெட் ஒண்ணு பள்ளத்துல இருக்கு, அதுல மூணு பெரிய பளிங்குத் தூண் இன்னும் நிக்குது. தூணை உத்துப் பாருங்க, ஆள் உயரத்துக்கு மேல ஒரு பட்டை மாதிரி சுத்திலும் பொடிப்பொடி ஓட்டை, அத்தனையும் கடல் சிப்பி குடைஞ்சது! எரிமலை பூமிங்கறதால அந்த நிலமே மெதுவா கடலுக்குள்ள இறங்கி, திரும்ப மேல ஏறியிருக்கு, 1982லேர்ந்து 84க்குள்ள மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மீட்டர் எழும்பி ஜனங்க வீட்டைக் காலி பண்ண வேண்டியதாச்சு. இப்பவும் அப்பப்போ நிலநடுக்கம் வருது, அதனால போறதுக்கு முன்னாடி நியூஸ் பாத்துக்கோங்க.

நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியத்துல ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு தந்தப் பொம்மை இருக்கு. இந்தியால செஞ்சது, கி.பி. 79ல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேயி நகரத்துல 1938ல தோண்டி எடுத்தாங்க. லட்சுமின்னு சொல்றாங்க, யட்சியா இருக்கலாம்னும் சொல்றாங்க. கை நிறைய வளையல், கால்ல தண்டை, ரெண்டு பக்கமும் குட்டியா தோழிங்க, அம்மா அதைப் பாத்துட்டு நகரவே மாட்டேன்னுட்டாங்க. செவ்வாய்க்கிழமை அந்த மியூசியம் லீவு, பிளான் பண்றப்போ மறந்துடாதீங்க.

சாப்பாட்டுக்கு சைவக்காரங்க பயப்படவே வேணாம். மரினாரா பீட்சான்னு கேளுங்க, பேரைக் கேட்டா மீன் போட்டிருக்கும்னு தோணும், ஆனா தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் அவ்ளோதான், சீஸ் கூட கிடையாது.

பீச்சுதான் நமக்குப் புதுசு. பெசன்ட் நகர்ல போய் மணல்ல உக்காந்துக்கற மாதிரி எல்லா எடத்துலயும் உக்கார முடியாது, நிறைய இடத்துல குடைக்கும் சேருக்கும் காசு கட்டணும், இலவசப் பகுதிக்கு ‘ஸ்பியாஜ்ஜா லீபெரா’ன்னு போர்டு இருக்கும், அதைத் தேடிப் போங்க. அங்கயும் கூட்டம்னா பொட்சுவோலி துறைமுகத்துலேர்ந்தே ப்ரோச்சிடா தீவுக்கு ஃபெர்ரி போகுது. ஆகஸ்ட்ல மட்டும் வேணாம், இத்தாலிக்காரங்களே லீவு போட்டுட்டு கடற்கரைக்கு வந்துடுவாங்க, வெயிலும் நம்ம மே மாசத்தை ஞாபகப்படுத்தும். மே இல்லன்னா செப்டம்பர்ல டிக்கெட் போடுங்க.