மிடில்டன் குடும்பம்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 4, 2024

அமெரிக்காவின் தென் கரோலினாவில் நெல் விளைவித்துச் செல்வம் சேர்த்த மிடில்டன் குடும்பத்தின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். மூதாதையான எட்வர்ட் மிடில்டன் 1678-இல் பார்படோஸிலிருந்து அங்கே குடியேறினார். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வதைத்து வேலை வாங்கும் வழக்கம் அத்தீவில் முன்பே வேரூன்றியிருந்தது. குடியேறியவர்களோடு அதுவும் கரையிறங்கியது. அவருடைய பேரன் ஹென்றி, 1741-இல் மேரி வில்லியம்ஸை மணந்ததன் மூலம் ஆஷ்லி ஆற்றங்கரையில் பெற்ற சொத்துதான் மிடில்டன் பிளேஸ். பின்னாளில் ஏறத்தாழ 50,000 ஏக்கர் நிலத்துக்கும் 800 அடிமைகளுக்கும் அவர் உடைமையாளரானார்.

பிப்ரவரி 8

நெல் எப்படி விளைந்தது என்பதைப் படித்த பிறகுதான் இந்தச் செல்வத்தின் கணக்கு விளங்குகிறது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் ஏறிவர, அதைவிட எடை குறைந்த நன்னீர் அதன்மேல் மிதந்து உயரும். அந்த வேளையில் மரமதகுகளைத் திறந்து நன்னீரை மட்டும் வயலுக்குள் விட்டு, கடல் வற்றும்போது வடித்துவிடுவார்கள். இதற்காகச் சதுப்புக் காடுகளை வெட்டி, இடுப்பளவுச் சேற்றில் நின்று மைல் கணக்கில் கரை கட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து வந்தவர்கள் என்று விளம்பரம் செய்தே தென் கரோலினாவின் துறைமுக நகரான சார்ல்ஸ்டனின் வணிகர்கள் அவர்களை விற்றார்கள். அவர்களுடைய வேளாண் அறிவுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நாற்றங்காலையும் மடையையும் அறிந்த நம் ஊர் வாசகருக்கு அந்த வாதமே சற்று விந்தையாகத் தோன்றக்கூடும். மலேரியாக் காலம் வந்ததும் முதலாளிகள் நகரத்துக்குப் போய்விடுவார்கள். வயலில் நின்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

பிப்ரவரி 13

இன்று படித்தது முழுவதும் கையெழுத்துகளைப் பற்றியது. அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் 1774-இல் கூடிய முதலாம் கண்டப் பேரவைக்கு ஹென்றி சில நாட்கள் தலைமை வகித்தார். அவர் மகன் ஆர்தர், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று கூறும் 1776-ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1780-இல் சார்ல்ஸ்டன் வீழ்ந்தபோது பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டார். ஆர்தரின் மகன் இரண்டாம் ஹென்றி ஆளுநராகவும், 1820 முதல் 1830 வரை ரஷ்யாவுக்கான தூதராகவும் இருந்தார். அந்த ஹென்றியின் மகன் வில்லியம்ஸ், 1860 டிசம்பரில் தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அறிவித்த பிரிவினைச் சாசனத்தில் ஒப்பமிட்டார். தாத்தா உருவாக்க உதவிய நாட்டைப் பேரன் உடைக்கத் துணிந்தார் என்று எழுதுவது எளிது. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. இரண்டு கையெழுத்துகளும் காத்தது ஒரே சொத்தைத்தான்.

பிப்ரவரி 19

அந்தப் பிரிவினையைத் தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 பிப்ரவரியில், வடபகுதிப் படைவீரர்கள் மிடில்டன் பிளேஸ் வீட்டைக் கொளுத்தினார்கள். தென்புறக் கட்டடத்தை மட்டும் வில்லியம்ஸ் பழுதுபார்த்துக் குடியேறினார். எஞ்சிய இடிசுவர்களை 1886-ஆம் ஆண்டு நிலநடுக்கம் சாய்த்தது. 20-ஆம் நூற்றாண்டில் வாரிசுகள் தோட்டத்தைச் சீரமைத்தார்கள். இன்று அது ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே விடுதலை பெற்றவர்கள் குடியிருந்த 'எலிசா வீடு' காட்சிக்கூடமாகியிருக்கிறது. குடும்பத்தின் ஆவணங்களிலிருந்து திரட்டிய அடிமைகளின் பெயர்களை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். சொத்துக் கணக்குக்காக எழுதி வைத்த அந்தப் பட்டியல்களைக் கொண்டே அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைத் தேடுகிறார்கள்.