நிகான் டி700: வேலூர் நாட்குறிப்பு

நவம்பர் 4

நிகானின் டி700 டிஎஸ்எல்ஆர் கேமரா வெளிவந்தது 2008 ஜூலையில். முந்தைய ஆண்டு வந்த டி3-இல் இருந்த அதே 12.1 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார், அதே 51 புள்ளி ஆட்டோஃபோகஸ், மெக்னீசியம் கலவையில் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா). வேலூர், காட்பாடி ஸ்டூடியோக்காரர்கள் பலர் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமராவுக்கு, போய்விட்டதால் இந்த பாடி இப்போது செகண்ட் ஹேண்டில் கைக்கு வருகிறது. வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கு?"

நிகான் இந்த ஷட்டரைச் சோதித்துச் சொன்ன கணக்கு 1,50,000 தடவை. அதைத் தாண்டியும் ஓடும். நின்றாலும் ஷட்டர் யூனிட் மாற்றக்கூடிய பாகம்தான். இந்த வயதில் வேலைக்கு நடுவே கேமராவை நிறுத்துவது அனேகமாக வேறு ஏதாவதுதான்: கிழடாகிப்போன பேட்டரி, வளைந்த கார்டு ஊசி, கழன்ற ரப்பர், அழுக்கேறிய லென்ஸ் தொடுமுனை. விற்பவர் இவற்றைச் சொல்ல மாட்டார், வாங்குபவரும் கேட்பதில்லை.

எண்ணிக்கை தெரிய வேண்டுமென்றால் கேமரா மெனுவில் தேட வேண்டாம், அங்கே இல்லை. புதிதாக ஒரு ஜேபெக் எடுத்து, கார்டிலிருந்து நேராகக் கணினிக்கு மாற்றி, எக்ஸிஃப்டூலில் (படக் கோப்புக்குள் பதிந்த தகவலைக் காட்டும் மென்பொருள்) திறந்தால் ஷட்டர் கவுண்ட் என்ற வரி இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்தத் தகவல் அழிந்துபோயிருக்கும்.

கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை: கார்டு கதவைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே ஊசிகள் வரிசையாக நிற்கின்றனவா, கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் உப்பியிருக்கிறதா, பாப்-அப் ஃப்ளாஷ் ஒரே அழுத்தத்தில் எழுகிறதா. கடைசியாக 1/8000 வேகத்தில் வானத்தைப் படமெடுத்து, ஃபிரேமின் ஒரு பக்கம் இருண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருண்டிருந்தால் ஷட்டர் திரைகள் சமவேகத்தில் ஓடவில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அந்த பாடி வேண்டாம்.

நவம்பர் 19

வங்கக் கடலில் தாழ்வுநிலை. இங்கே விடாத தூறல். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் பருவம் இது. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. உள்ளே 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ரொம்பவும் வறண்டால் ரப்பருக்கும் உயவுப் பொருளுக்கும் நல்லதல்ல. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

தோல் உறை மட்டும் வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கேமரா அதற்குள் மழைக்காலம் முழுக்கக் கிடந்தால் பூஞ்சைக்கு இடம் கொடுத்த மாதிரிதான்.

பெட்டியில் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பது சரி. ஆனால் கடிகாரத்துக்கு உள்ளே தனியாக ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரி இருக்கிறது. அது பெரிய பேட்டரியிலிருந்துதான் ஏறும். இரண்டு நாள் ஏறினால் மூன்று மாதம் அளவுக்குத் தாங்கும். அது இறங்கினால் மேல் திரையில் 'கிளாக்' மின்னும், தேதி பழைய நாளுக்கு ஓடிவிடும். இரண்டு கேமரா ஓடும் கல்யாணத்தில் ஒன்றின் நேரம் தவறினால், முகூர்த்தப் படங்களை வரிசைப்படுத்த விடிய விடிய உட்கார வேண்டிவரும்.

டிசம்பர் 12

பேட்டரி. இஎன்-இஎல்3இ, 7.4 வோல்ட், 1500 எம்ஏஎச். செட்டப் மெனுவில் பேட்டரி இன்ஃபோ திறந்தால் மூன்று விஷயம் தெரியும்: மீதி சதவீதம், சார்ஜ் போட்டபின் எடுத்த படங்கள், பேட்டரியின் வயது. வயது 0 முதல் 4 வரை. 0 புதியது, 4 வந்தால் தூக்கிப்போட வேண்டியது. பழைய பாடியோடு வரும் பேட்டரி 3-இலோ 4-இலோ இருந்தால் ஆச்சரியமில்லை.

4 காட்டும் பேட்டரி நூறு சதவீதம் என்று சொல்லிவிட்டு, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியை, மிரரை, தூக்கும் நேரத்தில் திடீரென்று விழும். மின்னழுத்தம் அந்த நொடியில் சரிவதுதான் காரணம். கேமரா பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. முதலில் வேறு பேட்டரி போட்டுப் பார்க்க வேண்டும்.

வெளிக் கம்பெனி பேட்டரிகளில் சில இந்த வயதைச் சரியாகச் சொல்லாது; எப்போதும் 0 காட்டும். அதை நம்பாமல், ஒரு முழு சார்ஜுக்கு எத்தனை படம் வருகிறது என்று பேட்டரி மேல் டேப் ஒட்டி எழுதிவைப்பதே கணக்கு.

கேமராவின் அடியில் மாட்டும் எம்பி-டி10 பேட்டரி கிரிப் பற்றி ஒரு வார்த்தை. கிரிப் போட்டாலே நொடிக்கு 8 படம் என்று சொல்வார்கள். கிரிப்பில் இஎன்-இஎல்3இ போட்டால் 5 படம்தான். இஎன்-இஎல்4ஏ என்ற பெரிய பேட்டரி அல்லது எட்டு ஏஏ செல் போட்டால்தான் 8. ஏஏ போடும்போது மெனுவில் செல் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போட்டுவிட்டு அல்கலைன் என்று விட்டால் மீதியைத் தப்பாகக் காட்டும்.

ஜனவரி 9

பொங்கலுக்கு முன் கார்டு வேலை. டி700-இல் ஒரே ஒரு காம்பேக்ட் ஃப்ளாஷ் ஸ்லாட், 50 ஊசி. கார்டின் இரு பக்கப் பள்ளங்களும் வேறு வேறு அகலம், அதனால் தலைகீழாக முழுதாய்ப் போகாது. போகவில்லை என்று அழுத்தும்போதுதான் ஊசி வளைகிறது. கார்டு பாதி தூரம் சும்மா வழுக்கிப் போக வேண்டும்; கடைசியில்தான் லேசான எதிர்ப்பு. சாய்ந்து தடைபட்டால் வெளியே எடுத்து மறுபடி.

ஒரு ஊசி சாய்ந்திருந்தால்: பேட்டரியைக் கழற்று. 0.5 மெக்கானிக்கல் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் காலிக் குழாய் முனையை ஊசி மேல் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்து. ஒரே தடவையில் நேராக்கப் பார்த்தால் அடியோடு முறியும். முறிந்தால் ஸ்லாட் பலகையையே மாற்ற வேண்டும். அந்த வேலை இங்கே முடியாது, சென்னைக்குத்தான் போக வேண்டும். இரண்டு மூன்று ஊசிக்கு மேல் மடிந்திருந்தால் தொடாமல் விடுவது நல்லது.

எஸ்டி கார்டை மாட்டும் அடாப்டர் சிலதில் வேலை செய்யும், சிலதில் மேல் திரையில் 'சிஎச்ஏ' என்ற கார்டுப் பிழைக் குறி மின்னும். ஒரே ஸ்லாட் உள்ள கேமராவில், திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு அடாப்டர் கூடாது. நல்ல 16 ஜிபி கார்டு இரண்டு போதும். ஒரு நெஃப் (நிகானின் ரா) கோப்பு சுமார் 15 எம்பிதான். ஃபார்மட் எப்போதும் கேமராவிலேயே: குப்பைத்தொட்டி பட்டனும் மோட் பட்டனும் சேர்த்து, மின்னும் வரை பிடித்து, மறுபடி ஒருமுறை அழுத்த வேண்டும்.

ஜனவரி 21

அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் மாடு விடும் திருவிழா தொடங்கிவிட்டது. மதுரைப் பக்கம் போல மாட்டைத் தழுவுவதில்லை. காளை ஓடுபாதையில் நேராக ஓடும், நேரத்தை அளப்பார்கள். படக்காரருக்கு நேரெதிரே வரும் ஓட்டம். டி700-இன் ஃபோகஸுக்குச் சரியான சோதனை.

அமைப்பு: ஏஎஃப்-சி, அதாவது நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை. கஸ்டம் மெனுவில் a5-இல் ஃபோகஸை ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மட்டும் மாற்றிவிட வேண்டும். a3-இல் 9 புள்ளி. 51 புள்ளி 3டி வேண்டாம், மாடும் புழுதியும் ஒரே நிறத்தில் இருந்தால் தடுமாறும். a4 லாக்-ஆனை 'லாங்'கில் வைத்தால், மாட்டைத் தட்ட நீளும் கைகள் குறுக்கே வரும்போது ஃபோகஸ் கை மேல் தாவாது. நெடுக்கும் குறுக்கும் பார்க்கும் 15 கிராஸ் புள்ளிகள் நடுவில் உள்ள மூன்று செங்குத்து வரிசைகளில்தான் இருக்கின்றன. ஓரப் புள்ளியை நம்பிக் காளையின் கண்ணைப் பிடிக்க நினைக்கக் கூடாது. 1/1250, எஃப்/4, ஐஎஸ்ஓ 400-இல் ஆரம்பிக்கலாம்.

14 பிட் நெஃபில் பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் காத்திருக்கும் நினைவகம்) 20 படம் அளவுக்குத்தான். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் 'ஆர்' எழுத்துக்குப் பின் மீதி எண் தெரியும். மாடு தூரத்தில் இருக்கும்போதே அழுத்தத் தொடங்கினால் கிட்டே வரும் நேரத்தில் கேமரா மூச்சு வாங்கும். கடைசி முப்பது மீட்டருக்குக் காத்திருப்பதே சரி.

தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். லென்ஸை அங்கே கழற்றக் கூடாது, எந்தக் காரணத்துக்கும்.

ஜனவரி 23

புழுதிக்குப் பிறகு சென்சார்.

எஃப்/16-இல், ஃபோகஸை வேண்டுமென்றே தவறவிட்டு, வெள்ளைத் தாளையோ தெளிந்த வானத்தையோ எடுத்து 100 சதவீதத்தில் பார்க்க வேண்டும். புள்ளிகள் தெரிந்தால் முதலில் கேமராவைத் தரையில் சமமாக உட்காரவைத்து, மெனுவில் உள்ள அதிர்வுச் சுத்தத்தை இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டும். பாதி தூசி அதிலேயே விழும்.

மீதிக்கு: முழு சார்ஜ் பேட்டரி, இது கட்டாயம். செட்டப் மெனுவில் 'லாக் மிரர் அப் ஃபார் கிளீனிங்', ஸ்டார்ட், பிறகு ஷட்டரை அழுத்தினால் மிரர் மேலே நிற்கும். மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கீழ் நோக்கி இருக்கும்படி பிடித்து ரப்பர் ப்ளோவரால் ஊத வேண்டும். முனை உள்ளே போகக் கூடாது. கேனில் வரும் அழுத்தக் காற்று வேண்டாம், திரவம் தெறித்துக் கறையாகும். வாயால் ஊதினால் எச்சில். பேட்டரி இறங்கினால் பீப் கேட்கும், விளக்கு மின்னும். சிறிது நேரத்தில் மிரர் தானே விழும். அதற்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

புள்ளி எங்கே என்று தேடும்போது ஒரு கணக்கு: கேமராவை முன்பக்கமிருந்து பார்த்தால், படத்தில் இடது மேல் மூலையில் இருக்கும் புள்ளி, சென்சாரில் இடது கீழ் மூலையில் இருக்கும். மேல் கீழ்தான் மாறும். இடம் வலம் மாறாது.

ஊதியும் போகாதது ஒட்டிய தூசி. 24 மில்லிமீட்டர் ஸ்வாப், சென்சாருக்கென்றே விற்கும் மெத்தனால் இரண்டு சொட்டு, பத்து விநாடி ஊற விட்டு, ஒரு பக்கத்தால் இடமிருந்து வலம் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் வலமிருந்து இடம். அதோடு அந்த ஸ்வாப் குப்பைக்கு. காசைப் பார்த்து அதே ஸ்வாபை மறுபடி தேய்த்தால், ஓரத்தில் சேர்ந்த மணல் நடுவுக்கு வரும். பாலாற்று மணல் சென்சார் மேலுள்ள கண்ணாடியைக் கீறும்.

மார்ச் 16

கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். அதனால் கையில் பிடித்தே எடுக்கிற வேலை, டி700-க்குப் பிடித்த வேலை. யாளித் தூண்களின் உள்வரிசையில் ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் போகலாம். அடிப்படை ஐஎஸ்ஓ 200. வெளி வெயிலில் 'லோ 1' என்று 100-க்கு இறக்கினால் வெளிச்சமான பகுதிகளின் விவரம் சீக்கிரம் போய்விடும்.

வியூஃபைண்டர் காட்டுவது 95 சதவீதம்தான். தூணை விளிம்போடு சரியாக ஒட்டி அமைத்ததாக நினைப்போம். படத்தில் பக்கத்து எச்சரிக்கைப் பலகையும் வந்து நிற்கும். கட்டடப் படத்துக்குக் கொஞ்சம் உள்ளே அமைத்துவிட்டு, திரையில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பழைய ஏஐ-எஸ் மேனுவல் லென்ஸ்கள் இங்கே அருமை. செட்டப் மெனுவில் நான்-சிபியு லென்ஸ் டேட்டாவில் குவியத்தூரமும் அதிகபட்ச அபர்ச்சரும் கொடுத்தால் ஃபிரேம் முழுவதையும் பார்த்து வெளிச்சம் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கே கிடைக்கும். 9 லென்ஸ் வரை சேமிக்கலாம். ஏஐ-க்கு முந்தைய, மாற்றம் செய்யாத லென்ஸை மட்டும் மாட்டக் கூடாது, மவுண்டைச் சுற்றியுள்ள நெம்புகோல் உடையும்.

ஏப்ரல் 27

மண்டபக் கல்யாணங்கள். எல்இடி விளக்குக்குக் கீழே பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாற்ற வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும்.

12-க்கு 36 அங்குல ஆல்பத்துக்கு (ஒரு பக்கம் 18, இரு பக்கமும் விரித்தால் 36) 12 மெகாபிக்சல் போதுமா? 4256 பிக்சல் அகலம். 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரு படம் என்றால் அங்குலத்துக்கு 236, தாராளமாகப் போதும். ஒரே படத்தை 36 அங்குலத்துக்கும் விரித்தால் 118; அங்கே முகத்தில் மென்மை தெரியும். அந்த விரிப்புப் படத்தைத் தனியாகத் திட்டமிட்டு, அகலத்தில் க்ராப் இல்லாமல் எடுக்க வேண்டும்.

மே 6

கத்திரி. கேமராவுக்கு நிகான் தந்திருக்கும் வெப்ப எல்லை 40 டிகிரி. வேலூர் அதை நிழலிலேயே தாண்டுகிறது. கார் டிக்கியில் வைக்கக் கூடாது. ஸ்ரீபுரம் பொற்கோவிலுக்குள் கேமரா அனுமதி இல்லை. அங்கே போகிற நாளில் கேமராவை வீட்டிலேயே விடுவது மேல். சார்ஜ் போடுவதும் இரவில் அல்லது விடியற்காலையில்.

ரப்பர் கழல்வதும் இந்த மாதத்தில்தான். வியர்வை, எண்ணெய், சூடு மூன்றும் சேர்ந்து ரப்பரை நீளச் செய்கின்றன. பிறகு அது பழைய இடத்தில் உட்காராது. ஃபெவிக்விக் ஒட்டக் கூடாது, அதன் ஆவி பக்கத்துப் பிளாஸ்டிக்கை வெளுக்க வைக்கும், பிறகு ரப்பரை எடுக்கவும் முடியாது. மெல்ல உரித்து, பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பாடியிலிருந்து துடைத்து, மெல்லிய இரட்டைப் பக்க டேப்பில் ஒட்ட வேண்டும். ரொம்ப நீண்டிருந்தால் புது ரப்பர் செட் வாங்குவதே வழி. வெட்டிச் சரிசெய்தால் இடைவெளியில் தூசி புகும்.

மே 15

வைகாசி முதல் நாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊர்வலப் பாதை நெடுக தேங்காய் உடைக்கிறார்கள், அந்த நீர் கேமரா மேல் தெறிக்கும். டி700 பாடியில் தூசிக்கும் ஈரத்துக்கும் அடைப்பு உண்டு. ஆனால் 50 எஃப்/1.8டி மாதிரி லென்ஸில் மவுண்ட் ரப்பர் வளையம் கிடையாது. தண்ணீர் காய்ந்தால் போய்விடும், தேங்காய்த் தண்ணீர் காய்ந்தால் சர்க்கரை. டயலுக்குக் கீழே காய்ந்தால் அடுத்த வாரம் டயலை ஒரு படி திருப்பினால் அபர்ச்சர் இரண்டு படி தாவும்.

பட்டவுடனே ஈரத் துணியால் துடை, பிறகு உலர்ந்த துணி. வீட்டுக்கு வந்ததும் டயல்களையும் பட்டன்களையும் ஒவ்வொன்றாக இருபது தடவை சுழற்றி, அழுத்திப் பார்க்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத் தொடுமுனைகளை ஆல்கஹால் தொட்ட துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அழிரப்பரால் தேய்த்தால் தங்கப் பூச்சு போகும். அபர்ச்சர் வளையம் உள்ள ஆட்டோஃபோகஸ் லென்ஸை மறுபடி மாட்டும்போது வளையத்தை மிகப் பெரிய எண்ணில் பூட்ட வேண்டும். இல்லையென்றால் 'எஃப்இஇ' மின்னும், ஷட்டர் விழாது.