கஷுவலாக வேலை செய்த மாதங்களும் பென்சனில் சேரும்

கனடாவில் மத்திய அரசு வேலைக்குள் நம்மவர்களில் அநேகம் பேர் நேரே நிரந்தரமாக நுழைவதில்லை. முதலில் கஷுவல், அதாவது தற்காலிக வேலை. ஒரு திணைக்களத்தில் வருடத்துக்கு 90 வேலைநாளுக்கு மேல் கஷுவலாக வைத்திருக்க முடியாது, அது முடிந்ததும் வீட்டில் இருப்போம். பிறகு நாலு மாத டேர்ம், அதாவது முடிவுத் திகதி போட்ட ஒப்பந்த வேலை. திரும்பவும் இடைவெளி. இன்னொரு கட்டடத்தில் இன்னொரு டேர்ம். ஒருவழியாக நிரந்தரக் கடிதம் கைக்கு வரும்போது, பின்னால் கிடக்கும் அந்தத் துண்டுதுண்டான மாதங்களை மறந்துவிடுகிறோம். அப்போது சம்பளத்தில் பென்சனுக்கு ஒன்றும் கழிக்கவில்லை, ஆகவே அந்தக் காலம் போனது போனதுதான் என்று ஒரு நினைப்பு.

போகவில்லை. காசு கட்டி அந்தச் சேவைக் காலத்தை வாங்கலாம். கந்தோரில் எல்லோரும் பைபேக் என்பார்கள்.

என் சித்தப்பாவின் மகன் இப்போதுதான் நிரந்தரமானான். "பைபேக்குக்கு எவ்வளவு வருமெண்டு பாத்தியா?" என்று கேட்டேன். "அக்கா, இப்பதான் வீடு வாங்கினது. மோர்ட்கேஜ் கழுத்தைப் பிடிக்குது. ரெண்டு மூண்டு வருசம் போகட்டும், சம்பளம் கூடினாப் பிறகு பாப்பம்" என்றான். இதே பதிலை வேறு ஆட்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குத்தான் எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

பென்சன் திட்டத்தில் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் பழைய அரச சேவையை வாங்குவதாக எழுதிக் கொடுத்தால், சேரும்போது உங்களுக்கு என்ன சம்பளமோ அதை வைத்துத்தான் விலை போடுவார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால், எழுதிக் கொடுக்கும் நாளில் இருக்கும் சம்பளத்தை வைத்துப் போடுவார்கள். அதே நாலு மாதம், அதே மேசை, அதே வேலை. ஆனால் பத்து வருடம் கழித்து இரண்டு பதவி உயர்வும் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டால் விலை எங்கேயோ போய் நிற்கும். சம்பளம் கூடட்டும் என்று காத்திருப்பது, விலை ஏறட்டும் என்று காத்திருப்பதுதான். போதாததற்கு, பிந்திப் போனால் மருத்துவப் பரிசோதனையும் செய்து தேற வேண்டும். நாற்பது தாண்டினால் நம் வீடுகளில் சீனியும் பிரஷரும் வந்து குந்திக்கொள்ளும் கதை தெரிந்ததுதானே. அந்தத் தலையிடி எதற்கு?

வாங்கினால் என்ன கிடைக்கும்? நம்முடைய பென்சன் கணக்கு அவ்வளவு சிக்கலானதல்ல. தொடர்ந்தாற்போல் எந்த ஐந்து வருடங்களில் சம்பளம் ஆகக் கூட இருந்ததோ, அந்த ஐந்தின் சராசரியில் 2 வீதம், அதைச் சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். ஆகக் கூடியது 35 வருடம். சராசரி 60,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், வாங்கும் ஒவ்வொரு வருடமும் ஆண்டுக்கு 1,200 டொலர் சேர்க்கும். 65 வயதில் சி.பி.பி. எனும் கனடாப் பொதுப் பென்சனோடு ஒழுங்குபடுத்துவதால் அது 825 அளவுக்கு இறங்கும். இறங்கினாலும் உயிரோடு இருக்கும்வரை வரும். ஒவ்வொரு ஜனவரியிலும் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டியும் தருவார்கள். 2023இல் கூட்டியது 6.3 வீதம். எனக்குப் பிறகு என் மனுசனுக்குப் போகும் பங்கும் இதே சேவை வருடங்களை வைத்துத்தான் கணிக்கப்படும்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த 1,200 டொலரை விடப் பெரிய விஷயம் ஓய்வு பெறும் திகதிதான். 2013 ஜனவரி 1க்கு முன்னர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 30 வருட சேவையோடு 55 வயதில் முழுப் பென்சனோடு போகலாம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த 55, 60 ஆகிவிட்டது. தம்பி இரண்டாவது வகை. சேரும்போது அவனுக்கு 31 வயது. அறுபதில் அவனிடம் 29 வருடம்தான் இருக்கும். அதாவது அறுபத்தொன்று வரை இழுக்க வேண்டும், அல்லது வெட்டிக் குறைத்த பென்சனோடு வெளியே வர வேண்டும். அவனுடைய கஷுவலையும் டேர்மையும் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. அதை வாங்கினால் அறுபதில் 30 வருடம் நிரம்பிவிடும். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

நான் வாங்கியபோது பெரிய இழுபறி காசில் வரவில்லை, அத்தாட்சியில் வந்தது. ஓய்வூதிய நிலையம் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஷெடியாக் என்ற ஊரில் இருக்கிறது. அவர்களுக்கு என் பழைய சேவை விபரம் வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்திலிருந்து, ஒரு டேர்முக்குத் தங்களிடம் பதிவே இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கிளையை மூடி ஆட்களை வேறெங்கோ மாற்றியிருந்தார்களாம், கோப்பு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல காலம், எந்தக் காகிதத்தையும் எறியாத பழக்கம் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அலுமாரிக்கு மேலே ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் எல்லாம் இருந்தன: வேலைக் கடிதம், அந்த வருடத்து டி4 எனும் சம்பள-வரிப் படிவம், சம்பளத் துண்டுகள். வேலைக் கடிதத்தில் தொடக்கத் திகதியை டைப் செய்துவிட்டு, முடிவுத் திகதியை யாரோ பேனையால் வெட்டித் திருத்தி, பக்கத்தில் இனிஷல் போட்டிருந்தார்கள். அந்தத் திருத்தம்தான் எனக்கு ஆறு கிழமையைக் கூட்டித் தந்தது. கடிதம் இல்லாவிட்டால் முதல் டைப் செய்த திகதிதான் நின்றிருக்கும், அல்லது அதுவும் நின்றிராது. ஆகவே டேர்மில் இருக்கும் பிள்ளைகளே, நீடிப்புக் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். வேலை மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால் வேலை முடியும் அன்றே அதுவும் போய்விடும்.

வீட்டில் ஒரு வாக்குவாதமும் நடந்தது. என் மனுசன் தனியார் நிறுவனத்தில் இருக்கிறார். "அந்தக் காசை ஆர்.ஆர்.எஸ்.பி.யில போட்டா நாங்கள் விரும்பின மாதிரி எடுக்கலாம், பிள்ளையளுக்கும் மிஞ்சும். பென்சன் நீ கண்ணை மூடினா அரைவாசி" என்பது அவர் கட்சி. ஆர்.ஆர்.எஸ்.பி. என்பது வரிச்சலுகையுள்ள ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு. பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தை விழும்போது இரவில் நித்திரை இல்லாமல் கணக்கைத் திறந்து பார்ப்பதும் அவர்தான். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வழி கண்டோம்: என் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருந்ததில் ஒரு பகுதியை வரி கட்டாமல் நேரடியாகப் பைபேக்குக்கு மாற்றினோம். மிச்சத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்க விட்டோம். தவணையாகக் கட்டினால் வட்டியும் ஓர் ஆயுள் காப்புக் கட்டணமும் சேரும், அதைக் கவனியுங்கள். இன்னொன்று, 1989க்குப் பிந்திய சேவையென்றால் வருமான வரித் திணைக்களம் அதை அங்கீகரிக்க வேண்டும், ஆர்.ஆர்.எஸ்.பி.யில் நீங்கள் போடக்கூடிய தொகைக்கான இடமும் அதற்கேற்பச் சுருங்கும். அந்த இடத்தை முழுக்க நிரப்பி வைத்திருப்பவர்கள் முதலே கதைத்துவிடுவது நல்லது.

எல்லோரும் வாங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிரெடிட் கார்டில் கடன் ஏறிக் கிடந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். இரண்டு வருடத்தில் அரச வேலையை விட்டுப் போகும் எண்ணம் இருந்தாலும் யோசியுங்கள். வெளி நிறுவனத்தில் செய்த சேவையென்றால் கதையே வேறு, அங்கே உங்கள் பங்கோடு முதலாளியின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டிவரும். ஆனால் பழைய மத்திய அரச சேவைக்கு உங்கள் பங்கு மட்டும்தான். அதையும் முதல் வருடத்துக்குள் வாங்குவதென்றால், அதைவிட மலிவாக ஓய்வுகால வருமானம் வாங்க எனக்குத் தெரிந்து வேறு இடமில்லை.

தம்பிக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பைபேக்குக்கு எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டை எடுக்கக் காசு கட்டத் தேவையில்லை, எடுத்ததற்காக வாங்கியே ஆகவேண்டும் என்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் பின்வாங்குவது கஷ்டம், ஆகவே அந்தப் படிவத்தை மட்டும் வடிவாக வாசியுங்கள். முழுவதையும் வாங்க வசதியில்லாவிட்டால் ஒரு பகுதியை வாங்கலாம். ஆனால் விருப்பமான துண்டைத் தெரிவுசெய்ய விடமாட்டார்கள், கடைசியாகச் செய்த சேவையிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். வேலையில் இருந்து பென்சனுக்குக் கட்டிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், ஓய்வு பெற்றபின் கேட்க முடியாது. தம்பிக்கு அடுத்த மார்ச்சோடு ஒரு வருடம் முடிகிறது. வேலைக் கடிதங்களைத் தேடி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.