உமிச் சிலிக்காவில் லைப்பேஸ்: எஃப்டிஐஆரில் பார்த்த அனுபவம்

கொழுப்பைச் சிதைக்கும் நொதியான லைப்பேஸை ஒட்டிவைக்க ஒரு திடப்பொருள், அதாவது தாங்கி, வேண்டும். என் தாங்கி நெல் உமியிலிருந்து வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கேட்டபோது, "எரிக்கத்தான போறோம், வேணுங்கிறத அள்ளிட்டுப் போம்மா" என்றார் மில் அண்ணாச்சி. உமியை அமிலத்தில் கொதிக்கவைத்து, கழுவிக் காயவைத்து, உலையில் 600 டிகிரியில் எரித்தால் வெள்ளை வெளேரென்று சிலிக்கா கிடைக்கும். அதன்மேல் சிலிக்காவில் ஒட்டும் அமினோசிலேன், பிறகு அதையும் நொதியையும் இணைக்கும் குளுட்டரால்டிஹைடு, கடைசியாக லைப்பேஸ் நொதி.

ஒட்டிய நொதி தன் மடிப்போடு இருக்கிறதா? அதைச் சொல்வது எஃப்டிஐஆர் (மாதிரி எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) தரும் வரைபடத்தில் புரதத்தின் அமைடு‑1 பட்டை, 1600 முதல் 1700 செ.மீ⁻¹ (அலை எண்) வரை. புரதச் சங்கிலி மடியும் வடிவங்களில் ஆல்ஃபா சுருள் 1655ஐ ஒட்டி வரும், பீட்டா தகடு 1630ஐ ஒட்டி. புரதம் குலைந்து திரண்டால் 1620 அருகே ஒரு தோள் எழும்.

அதே இடத்தில், 1640இல், தண்ணீரும் இருக்கிறது. குளுட்டரால்டிஹைடு உண்டாக்கும் இமின் பிணைப்பும் அங்கேதான். அதனால் நொதியல்லாதவற்றின் பட்டைகளை மாதிரியின் வரைபடத்திலிருந்து கழிக்க வேண்டும்; அப்படிக் கழிப்பதற்கு வெறும் சிலிக்கா உதவாது. சிலேன், குளுட்டரால்டிஹைடு, பஃபர், கழுவல், உலர்த்தல் எல்லாம் அப்படியே நடந்து, நொதி மட்டும் சேராத தாங்கி வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எவ்வளவு கழிப்பது? 800இல் உள்ள சிலிக்கா பட்டை மறையும்வரை. கண்ணுக்கு அழகாகத் தெரியும்வரை கழித்துக்கொண்டே போனால், நினைத்த வடிவத்தையெல்லாம் வரவழைத்துவிடலாம்.

ஐப்பசி மழையில் வேறொரு தொல்லை. காற்றின் ஈரம் கருவிக்குள் புகுந்தால் நீராவியின் ஊசிக் கோடுகள் அமைடு பகுதி முழுக்க விழும். ஒன்றோடொன்று கலந்த உச்சிகளைப் பிரித்தறிய வரைபடத்தின் இரண்டாம் வகைக்கெழு எடுத்ததும் அவை புரதத்தின் உச்சிகளைப் போலவே நிற்கும். ஈரத்தை உறிஞ்சக் கருவிக்குள் இருந்த சிலிக்கா ஜெல் நீலம் போய் வெளிர்சிவப்பாகியிருந்தது. அதை அடுப்பில் காயவைத்துத் திரும்ப வைத்தோம். உலர் நைட்ரஜனை நெடுநேரம் ஓடவிட்டு, 1750க்கு மேலே கோடு தட்டையான பிறகே மாதிரியை வைத்தேன்.

நொதியைக் குறைவாக ஏற்றிய மாதிரியில் 1655 அசையாமல் நின்றது. நிறைய ஏற்றியதில் 1620 பக்கம் தோள் தெரிந்தது. ஒரு மில்லிகிராம் புரதத்துக்கான செயல்திறனும் அதில்தான் குறைந்திருந்தது. இரண்டும் ஒத்துப்போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது ஏற்றும் அளவைக் குறைத்துக்கொண்டு, நொதியின் மடிப்பு எவ்வளவு இறுக்கம் என்று அறிய, கனநீரில் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) புரதத்தின் இன்னொரு பட்டையான 1550இன் அமைடு‑2 எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்துவருகிறேன்.